கேச்சே கணவாய்க்கு இந்தப் பக்கம்

புனாகா
6 ஜூலை 1996

லுங்தென்,

நலம், நலமறிய ஆவல் என்றெல்லாம் எழுதமாட்டேன். நீ நலமாகத்தான் இருப்பாய். பொய் சொல்கிறவர்கள் நன்றாகத் தூங்குகிறார்கள் என்று இப்போது தெரிந்துகொண்டேன்.

நேற்று செல்தென்னின் தடுப்பூசி அட்டைக்காக உன் அலுவலகத்துக்குப் போனேன். வாசல் மேசைக் குமாஸ்தா வெற்றிலையை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கிக்கொண்டு, "ஔம் சோமோ, உங்க வீட்டுக்காரர் மாதிரி ஆள் கிடையாது லா. மலை மேல லுனானா மருந்துக் கொட்டகைக்கு யார் போறீங்கன்னு கேட்டப்போ அத்தனை பேரும் தரையைப் பாத்துக்கிட்டு நின்னாங்க. இவர் ஒருத்தர்தான் கையைத் தூக்கினார்" என்றான்.

நான் சிரித்துக்கொண்டே, "ஆமா, அவர் அப்படித்தான்" என்றேன். வெளியே வந்து பாலத்தில் நின்று ஆற்றைப் பார்த்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அட்டையை வாங்க மறந்துவிட்டேன்.

அடுப்படியில் நின்று நீ என்ன சொன்னாய்? "அரசாங்கம் அனுப்புது சோமோ, நான் என்ன பண்ண?" மூன்று மாதமாக நான் அந்த அதிகாரிகளைச் சபித்துக்கொண்டிருந்தேன். அவர்கள் வீட்டு மாடு பால் வற்றவேண்டும் என்றுகூடச் சொல்லியிருக்கிறேன். பாவம், அவர்கள் செய்த குற்றம் என்ன? இன்று காலை கோயிலுக்குப் போய் அவர்கள் பெயரில் ஒரு நெய்விளக்கு ஏற்றிவிட்டு வந்தேன். அந்த விளக்கு உன் கணக்கில்.

அம்மாவுக்குக் கொண்டாட்டம். "கலப்பை பிடிக்கத் தெரியாத மாப்பிள்ளையை வீட்டுக்குள்ள சேக்காதேன்னு ஒம்பது வருஷம் முன்னாடியே சொன்னேன். மலை மேல ஏறி ஒக்காந்துட்டான் பாரு" என்று ஊரெல்லாம் சொல்கிறாள்.

செல்தென் கேட்கிறாள், "அப்பா வேலைக்குப் போயிருக்காரா, இல்ல நம்மள விட்டு ஓடிட்டாரா?" நான் என்ன சொல்ல? நீயே எழுது. இந்தத் தடவை பொய் வேண்டாம்.

குளிர்காலம்தோறும் நம் வீட்டில் வந்து தங்குவாரே, அந்தச் சடையெருமைக்காரர் ஆப் ஷெரூப் அரிசி வாங்க இறங்கி வந்திருக்கிறார். அவரிடம்தான் இதைக் கொடுத்தனுப்புகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்ற கையெழுத்து. கோபத்தில் இன்னும் கோணலாகிவிட்டது.

சோமோ

*

லுனானா
30 ஜூலை 1996

சோமோ,

உன் கடிதத்தை வாசலில் நின்றபடியே படித்தேன். ஆப் ஷெரூப் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "டாக்டர், கடுதாசியில மிளகாய் ஏதும் மடிச்சு அனுப்பினாங்களா?" என்று கேட்டார்.

நீ கேட்டபடி உண்மையை எழுதுகிறேன். உன்னைக் கேட்டிருந்தால் நீ வேண்டாம் என்றிருப்பாய். நீ வேண்டாம் என்றால் நான் போயிருக்கமாட்டேன். அதனால்தான் கேட்கவில்லை. முழு உண்மை இவ்வளவுதான். மற்றதெல்லாம் அதற்கு மாட்டிவிட்ட சட்டை.

போன வருஷம் தடுப்பூசி போட நான் இங்கே வந்தது உனக்கு நினைவிருக்கும். அப்போதே இந்த மருந்துக் கொட்டகை பூட்டிக் கிடந்தது. குழந்தைகளை நிறுக்கும் தராசில் எலி கூடு கட்டியிருந்தது. ஒரு பெண் பல்வலியில் செத்துப்போயிருந்தாள். பல்வலியில், சோமோ! தாடையில் ஏறிய சீழ் கழுத்துக்கு இறங்கியிருக்கிறது. பத்து மாத்திரையில் தீர்ந்திருக்கும். அவள் புருஷன் அழவில்லை, என் மேல் கோபப்படவும் இல்லை. "அடுத்த தடவை எப்ப வருவீங்க டாக்டர்? சொன்னா அதுக்குத் தகுந்த மாதிரி நோய்ல விழுவோம்" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பை உன்னிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இன்னொன்றும் உண்டு. உங்கள் வீட்டில் ஒன்பது வருஷம் வயிறு நிறையச் சாப்பிட்டேன். என்னால் ஆகாத வேலைகள் எவை எவை என்று தினமும் கேட்டுக்கொண்டேதான் சாப்பிட்டேன். உன் வாயிலிருந்து அல்ல. ஆனால் நீயும் அந்த அடுப்பங்கரையில்தான் இருந்தாய்.

இங்கே மட்டும் நான் பெரிய கெட்டிக்காரன் என்று நினைக்காதே. சடையெருமைச் சாணத்தில் தீ மூட்ட இன்னும் வரவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்கள் என் கூரையில் புகை வருகிறதா என்று பந்தயம் கட்டுகிறார்கள். ஒருவர் தினமும் வந்து சட்டையை அவிழ்த்துக்கொண்டு உட்காருகிறார். "அந்தச் சில்லுன்னு இருக்கிற காசை நெஞ்சில வைங்க டாக்டர். அது பட்டாலே எனக்குச் சரியாயிடுது" என்கிறார். அவருக்கு ஒரு நோயும் இல்லை. வைக்கிறேன்.

செல்தென்னிடம் சொல்: அப்பா பொய் சொல்லிவிட்டு வேலைக்குப் போயிருக்கிறார், ஓடிப்போகவில்லை.

பனி விழுமுன் ஒரு தடவை வந்து பார். கோபத்தை விட்டுவிட்டு வா என்று சொல்லவில்லை. அதையும் தூக்கிக்கொண்டே வா.

லுங்தென்

*

புனாகா
28 ஆகஸ்ட் 1996

லுங்தென்,

நான் வரமாட்டேன். இன்னும் ஒன்றரை மாதத்தில் அறுவடை. உன்னைப்போல் கையைத் தூக்கிவிட்டுக் கிளம்ப எனக்கு முடியாது.

அடுப்பங்கரையைப் பற்றி நீ எழுதியதை நாலு தடவை படித்தேன். முதல் மூன்று தடவை பதில் தயாராக இருந்தது. நாலாவது தடவை இல்லை.

அன்று இரவுச் சாப்பாட்டில் அம்மா வழக்கம்போல ஆரம்பித்தாள். நான், "அம்மா, பல்லு வலிச்சா யார்கிட்டப் போவே? கலப்பைகிட்டயா?" என்றேன். அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். இரண்டு நாள் என்னோடு பேச்சு இல்லை. மூன்றாம் நாள் தானாகவே ஒரு கூடை மிளகாயைக் கூரையில் காயப்போட்டுவிட்டு, "அந்தக் குளிர்ல அவன் என்னத்தைத் தின்பானோ" என்றாள். அந்த மிளகாய்தான் இது. வெற்றிலை பாக்கும் இருக்கிறது. வெற்றிலை வதங்கித்தான் வந்து சேரும். மென்றுகொள்.

நான் திம்புவுக்குப் போய் உன் மேலதிகாரியைப் பார்த்தேன். மறைக்கப்போவதில்லை. உன்னைத் திரும்ப இங்கே மாற்றச் சொல்லிக் கேட்டேன். "அவராகப் போனவர். அவராகச் சம்மதிச்சுக் கையெழுத்துப் போட்டாத்தான் இறக்க முடியும்" என்று ஒரு தாளைக் கொடுத்தார். தாள் என்னிடம் இருக்கிறது.

செல்தென் உன் பதிலைக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "பொய் சொன்னா வாத்தியார் மூலையில நிக்க வைப்பார். அப்பா நிக்கிறது ரொம்பத் தூர மூலை."

சோமோ

*

காசா
8 அக்டோபர் 1996

லுங்தென்,

வரமாட்டேன் என்றவள், மலை ஏறும் வழியில் காசாவில் வெந்நீர் ஊற்றில் காலை ஊறப்போட்டுக்கொண்டு எழுதுகிறேன். சிரிக்காதே.

"கதிர் அறுக்கிற நேரத்துல புருஷனைத் தேடிக்கிட்டுப் போறாளாம். ஊர் என்ன சொல்லும்?" என்று அம்மா கத்தினாள். "அறுவடை வருஷா வருஷம் வரும், கணவாய் மூடிட்டா அடுத்த கோடைதான்" என்றேன். என் தங்கை செல்தென்னைப் பார்த்துக்கொள்கிறாள். அவள் வீட்டுக் குதிரையையும் கொடுத்திருக்கிறாள். அது யார் சொன்னாலும் கேட்காது, தங்கையும் நானும் சொன்னால் மட்டும் கொஞ்சம் கேட்கும்.

நான் வருவது உன் மலையை ரசிக்க அல்ல. உன்னை இறக்கிக்கொண்டு போக. சம்மதத் தாள் நான் உடுத்தியிருக்கும் கிராவின் மடிப்புக்குள் பத்திரமாக இருக்கிறது. ஒரு பேனாவும். நீ பேசப் பேசக் கேட்பேன், பிறகு கையெழுத்துப் போடுவாய், பனி விழுமுன் இருவருமாக இறங்குவோம். இதுதான் திட்டம். முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், நீ செய்ததுபோலச் செய்யமாட்டேன்.

வழித்துணை ஆப் ஷெரூப். அவரோடு நடப்பது ஒரு தண்டனை. "இதோ, இந்த மேட்டைத் தாண்டினா அவ்வளவுதான் லா" என்கிறார். தாண்டினால் இன்னொரு மேடு. "இது கணக்கில்லை. அடுத்ததுதான் நான் சொன்னது" என்கிறார்.

உன் பக்கம் போகும் எருமைக்காரர்கள் இருவர் நாளை விடியலில் கிளம்புகிறார்கள். அவர்கள் கால் காற்று மாதிரி. கடிதம் எனக்கு முன்னால் வந்துவிடும்.

சோமோ

*

நாரிதாங்
14 அக்டோபர் 1996

லுங்தென்,

கோய்னாவில் முழங்கால் வரை சேறு. ஒரு பூட்ஸைச் சேறு வாங்கிக்கொண்டது. ஆப் ஷெரூப் கையை விட்டுத் துழாவி எடுத்தார். எடுத்தது வேறு யாருடைய பூட்ஸோ. அதையும் வைத்துக்கொண்டு, இன்னொரு தடவை துழாவி என்னுடையதையும் எடுத்தார்.

ரோதோபுவில் இரண்டு வெள்ளைக்காரர்கள் கூடாரம் போட்டிருந்தார்கள், ஆணும் பெண்ணும். எவ்வளவோ செலவழித்து யாரும் வராத இடமாகப் பார்த்து வந்திருக்கிறார்கள். அந்தப் பெண் என்னைப் பார்த்துக் கைகூப்பி ஏதோ சொன்னாள். அவர்களுடைய வழிகாட்டி எடுத்துச் சொன்னான்: "உங்க நாட்டுல எவ்வளவு அமைதின்னு கேக்கறாங்க லா." நான், "நாலு நாளா என் கால் போடுற கூச்சல் அவங்களுக்குக் கேக்கலயான்னு கேளு" என்றேன். அவன் அதை அப்படியே சொல்லியிருக்கவேண்டும். அந்தப் பெண் ஓடிப்போய் ஒட்டுத்துணி கொண்டுவந்து, மண்டியிட்டு, என் குதிகால் கொப்புளத்துக்குத் தானே ஒட்டிவிட்டாள். நான் அவளுக்கு ஒரு பிடி பொரி கொடுத்தேன். பேச ஒரு வார்த்தை இல்லை. இருவரும் உட்கார்ந்து பொரியைத் தின்றோம்.

நாளைக்கு கார்ச்சுங் கணவாய். இப்போதே தலையை யாரோ இரண்டு கையாலும் பிடித்து அழுத்துவது மாதிரி இருக்கிறது. இங்கே எதுவும் ஓசைப்படுவதில்லை. பறவைகூட ஒன்றே ஒன்று. இந்த வழியில் நீ தனியாக, மருந்துப் பெட்டியோடு நடந்திருப்பாய் என்று இன்று நினைத்தேன். நான் அதிகாரிகளைத் திட்டிக்கொண்டு வீட்டில் இருந்த நாட்களில்.

இதற்கு மேல் எழுதினால் கோபம் போய்விடும். நிறுத்துகிறேன்.

சோமோ

*

லுனானா
17 அக்டோபர் 1996

என் சோமோ,

காசாவிலிருந்து நீ எழுதியது நேற்று வந்தது. வீட்டைப் பெருக்கினேன். நாளைக்கு உன்னை எதிர்கொள்ள வோச்சே வரை இறங்கி வருவதாக இருந்தேன். முடியாது.

யேஷி பேம் என்று ஒரு பெண், இருபத்து மூன்று வயது, முதல் பிரசவம், எட்டாம் மாதம். இன்று காலை முகம் வீங்கி வந்தாள். மோதிரம் கழலவில்லை. தலைவலி என்கிறாள், கண்ணில் மின்னுகிறது என்கிறாள். ரத்த அழுத்தம் நான் இதுவரை பார்த்திராத அளவு. இங்கே வைத்துக்கொண்டால் இருவரும் போய்விடுவார்கள். கம்பியில்லாத் தந்திப் பெட்டி பத்து நாளாக ஊமை. அவள் புருஷன் தோப்கேயோடும் இன்னும் இரண்டு பேரோடும் குதிரையில் ஏற்றி அனுப்புகிறேன்.

நானே கூடப் போகவேண்டும். ஆனால் இரண்டு கைக்குழந்தைகள் நிமோனியாவோடு கிடக்கின்றன. ஆறு மணி நேரத்துக்கு ஒரு ஊசி. வேறு யாருக்கும் போடத் தெரியாது. யாரோடு போவது, யாரோடு இருப்பது என்று கொட்டகையைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். நீ பக்கத்தில் இருந்தால் கேட்டிருப்பேன். சத்தியமாகக் கேட்டிருப்பேன்.

இந்தக் கடிதம் அவர்களோடேயே வருகிறது. எங்காவது ஒரு வளைவில் எதிரே வருவாய். யேஷி பேமுக்குச் சூடாக ஏதாவது கொடு. உப்பு போடாதே. பிறகு நீ மெதுவாக மேலே வா. தாளைப் பற்றி நேரில் பேசுவோம். பேனா உறைந்துவிடும், மடியிலேயே வைத்துக்கொள்.

லுங்தென்

*

வோச்சே
19 அக்டோபர் 1996

லுங்தென்,

நான் திரும்புகிறேன். கோபத்தில் அல்ல. முழுவதையும் படி.

இன்று மத்தியானம் வோச்சேக்கு வந்துவிட்டோம். வானம் வெளுத்திருந்தபோது ஆப் ஷெரூப் கையை நீட்டி, "அதோ கேச்சே கணவாய். அதுக்கு அந்தப் பக்கம் டாக்டர் வீடு. நாளைக்கு இருட்டறதுக்குள்ள போயிடலாம்" என்றார். முதல் தடவையாக உண்மை சொன்னார். நான் முகம் கழுவி, நல்ல கிராவை எடுத்து வைத்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, கண்ணாடியும் பார்த்தேன்.

பிறகு பனி ஆரம்பித்தது. மேலிருந்து நாலு உருவம் இறங்கி வந்தது. குதிரையில் யாரும் இல்லை. அது மூன்று காலில் நொண்டி வந்தது. யேஷி பேமைத் தோப்கே முதுகில் கட்டித் தூக்கி வந்தான்.

அடுப்புப் பக்கத்தில் அவளை உட்காரவைத்தோம். பெண் துணையில்லாமல் மூன்று ஆண்களோடு இரண்டு நாள் வந்திருக்கிறாள். என் கையைப் பிடித்தவள் விடவில்லை. "அக்கா, இந்த வீட்டுல ஏன் ரெண்டு விளக்கு எரியுது?" என்று கேட்டாள். ஒரு விளக்குதான் இருந்தது.

தோப்கே, "குதிரைக்குக் கால் போச்சு. பனி நிக்கட்டும். ரெண்டு நாள் இங்கேயே கிடந்துட்டுப் போலாம்" என்றான். மற்ற இருவரும் தலையாட்டினார்கள். எனக்கு எழுதிய கடிதத்தோடு நீ கொடுத்த சீட்டும் அவன் மடியில் இருந்தது. அவர்களில் யாருக்கும் படிக்கத் தெரியாது. ஆப் ஷெரூப் அதை வாங்கி என்னிடம் நீட்டினார்.

வழிக்கும் ஆஸ்பத்திரிக்குமாக நீ எழுதியிருந்ததை நான் சத்தமாகப் படித்தேன். எந்த மாத்திரை, எத்தனை மணிக்கு. இடது பக்கமாகப் படுக்க வேண்டும். வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் போடு, வாயில் எதையும் திணிக்காதே. கடைசி வரி: 'ஒரு நாள் தாமதமும் இரண்டு உயிர்.' எனக்கு எழுதும்போது உன் எழுத்து சாய்ந்து சாய்ந்து விழும். இதில் ஒவ்வொன்றும் நிமிர்ந்து நின்றது. ஒன்பது வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் இந்த ஆளை நான் பார்த்ததில்லை.

"மணி பாத்து மாத்திரை குடுக்க யார்கிட்டக் கடிகாரம் இருக்கு?" என்று கேட்டேன். யாரிடமும் இல்லை. என் கையில் இருக்கிறது. நடக்கிற குதிரை நான் கொண்டுவந்தது ஒன்றுதான். அது நான் சொன்னால்தான் நடக்கும். இதற்கு மேல் யோசிக்க என்ன இருக்கிறது?

யேஷி பேம் கேட்டாள்: "அக்கா, நீங்க டாக்டர் பொண்டாட்டியா? அப்ப உங்களுக்கும் வைத்தியம் தெரியும்தானே?"

"தெரியும்" என்றேன். நம் குடும்பத்தில் இரண்டாவது பொய்.

விடிந்ததும் கிளம்புகிறோம். ஆப் ஷெரூப் உன்னிடம் வருகிறார். நாரிதாங்கில் எழுதிய கடிதம், வெற்றிலை, மிளகாய், செல்தென் பின்னிய தொப்பி எல்லாம் அவரிடம் இருக்கிறது. தாளை அனுப்பவில்லை. மறந்துவிட்டேன் என்று நினைக்காதே.

நாளைக்கு இருட்டும் முன் உன்னைப் பார்த்திருக்கவேண்டும், லுங்தென்.

சோமோ

*

லுனானா
22 அக்டோபர் 1996

சோமோ,

வாசலில் காலடி கேட்டது. நீதான் என்று கதவைத் திறந்தேன். ஆப் ஷெரூப் நின்றார். என் முகம் போன போக்கைப் பார்த்து அவரே கூச்சப்பட்டார். "நான் என்ன பண்ண டாக்டர்? உங்க பொண்டாட்டி பாதி வழி வந்து இன்னொருத்தன் பொண்டாட்டியைக் கூட்டிக்கிட்டுத் திரும்பிட்டாங்க. நான் பேசிப் பாத்தேன். என்னையே அதட்டிட்டாங்க லா."

உன் கடிதத்தைப் படித்துவிட்டு மிளகாய் ஒன்றைக் கடித்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது. பக்கத்து வீட்டுப் பெண்களிடம் மிளகாய் என்றே சொன்னேன்.

குழந்தைகள் இரண்டும் நேற்றிலிருந்து பால் குடிக்கின்றன. அந்தச் சத்தத்தை நீ கேட்டிருக்கவேண்டும்.

உன் பின்னாலேயே ஓடி வரலாமா என்று கணவாயின் அடிவாரம் வரை போனேன். ஆப் ஷெரூப் தாண்டியபின் விழுந்த இடுப்பளவு பனி, மந்தை மிதித்தால்தான் வழி. இன்னும் ஒரு வாரத்தில் கடைசி மந்தை இறங்கும், அதோடு வழி மூடிவிடும். ஆப் ஷெரூப் அவர்களோடு இந்தக் கடிதத்தைக் கொண்டுவருவார். நீங்கள் கார்ச்சுங் ஏறிவிட்டீர்களா, அவளுக்குக் கண் தெரிகிறதா, மாத்திரை கையிருப்பு போதுமா, ஒன்றும் எனக்குத் தெரியப்போவதில்லை. இந்தக் குளிர்காலம் முழுக்க தெரியாமலே இருக்கப்போகிறேன். மூன்று மாதம் நீ அரசாங்கத்தைத் திட்டிக்கொண்டு காத்திருந்தாயே, அது எப்படியிருந்திருக்கும் என்று இப்போது புரிகிறது.

நான் உனக்குச் செய்தது தவறு. வேலைக்கு வந்தது தவறில்லை. உன்னை ஏமாற்றி வந்ததுதான் தவறு. இதை ஜூலையிலேயே எழுதியிருக்கவேண்டும்.

லுங்தென்

*

புனாகா
30 நவம்பர் 1996

என் லுங்தென்,

இது உன் கைக்கு வர வசந்தமாகிவிடும். ஆனாலும் இன்றே எழுதினால்தான் எனக்கு மனம் ஆறும். கம்பியில்லாத் தந்தி சரியானால் 'தாயும் சேயும் நலம்' என்று அனுப்பச் சொல்லி அந்தக் குமாஸ்தாவை மிரட்டிவிட்டு வந்திருக்கிறேன்.

கார்ச்சுங் கணவாயில் குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நான் கெஞ்சிய கெஞ்சல் அம்மாவுக்குத் தெரியவேண்டாம். யேஷி பேமுக்கு நாரிதாங்கிலேயே பார்வை மங்கிவிட்டது. "அக்கா, இப்ப எங்க இருக்கோம்? என்ன தெரியுது? சொல்லிக்கிட்டே வாங்க" என்பாள். நானும் சொல்லிக்கொண்டே வந்தேன். ஏரி வந்தால் ஏரி, காட்டு ஆடு வந்தால் காட்டு ஆடு. போகும்போது குனிந்த தலை நிமிராமல் நடந்தவள் நான். அவளுக்குச் சொல்வதற்காகத்தான் உன் மலைகளையெல்லாம் பார்த்தேன்.

கோய்னா சேற்றில் வலிப்பு வந்தது. தோப்கே அலறிக்கொண்டு அவள் பல்லுக்கு நடுவே கரண்டியைத் திணிக்கப் போனான். நான் அவன் கையில் ஓங்கி அடித்தேன். உன் சீட்டில் இருந்தபடி ஒருக்களித்துப் போட்டு, தலையை என் மடியில் வைத்துக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். மூன்று நிமிடம். லுங்தென், மூன்று நிமிடம் எவ்வளவு நீளம் என்று உனக்குத் தெரியும். நீ இதை எத்தனை தடவை, யார் யார் பக்கத்தில் தனியாக உட்கார்ந்து பார்த்திருப்பாய்? வீட்டுக்கு வந்து கைகழுவிவிட்டு, "இன்னிக்கு ஒண்ணும் விசேஷமில்ல" என்று சொல்வாயே.

காசாவில் ஊசி போட்டார்கள். ஆள் மாற்றி ஆள் தூக்கி ரோடு வரை கொண்டுவந்தோம். ஆஸ்பத்திரியில் அன்றே வயிற்றைக் கிழித்து எடுத்தார்கள். பெண் குழந்தை. என் முழங்கை நீளம்கூட இல்லை. மூன்றாம் நாள் காலை யேஷி பேம் என் பக்கம் திரும்பி, "அக்கா, உங்களுக்கு இவ்வளவு பெரிய மூக்கா?" என்றாள். பார்வை வந்துவிட்டது! நானும் தோப்கேயும் மாறி மாறி அழுதோம்.

மூவரும் இப்போது நம் வீட்டில்தான். வழி திறக்கும்வரை இருப்பார்கள். அம்மா அந்தக் குழந்தையைக் கீழே விடுவதில்லை. தோப்கேயைப் பார்த்து, "கலப்பை பிடிப்பியா?" என்று கேட்டாள். "தொட்டதே இல்லை லா" என்றான். அம்மா பெருமூச்சு விட்டு, "மலைக்கும் இந்த வீட்டுக்கும் என்ன பொருத்தமோ" என்றாள். ஆனால் அவனுக்குச் சோறு இரண்டாம் தடவையும் போட்டாள்.

ஆப் ஷெரூப் கொடுத்த உன் கடிதத்தைப் படித்துவிட்டேன். தவறு என்று எழுதியிருக்கிறாய். என் தவறையும் கேள். நீ என்னைக் கேட்காமல் போனாய். நான் உன்னைக் கேட்காமல் திம்புவுக்குப் போய் உன்னைத் திரும்ப இழுக்கப் பார்த்தேன். கையெழுத்து வாங்கத்தான் வந்தேனே தவிர, நீ என்ன நினைக்கிறாய் என்று கேட்க வரவில்லை.

தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். சேற்றுக் கறை இருக்கிறது. ஆனால் செல்லும். போடுவதானால் போடு. கிழிப்பதானால் கிழி. ஆனால் இரண்டில் எதுவானாலும் முதலில் என்னைக் கேள்.

சோமோ

*

லுனானா
7 மே 1997

என் சோமோ,

ஜனவரியில் அந்த மூன்று வார்த்தை வந்தது. யார் தாய், யாருடைய சேய் என்று ஒன்றும் இல்லை. பெட்டிக்காரர் வாசித்ததும் நான் பனியில் மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டேன். மற்றதெல்லாம் நேற்றுத்தான், ஆப் ஷெரூப் மேலே ஏறி வந்தபிறகு, உன் கடிதத்தில் தெரிந்தது. ஊரே கொட்டகைக்கு வந்துவிட்டது. மூன்று தடவை வாசிக்கச் சொன்னார்கள். கரண்டி பிடித்த கையை நீ அடித்த இடத்தில் மூன்று தடவையும் சிரித்தார்கள். உன் மூக்கு இப்போது லுனானா முழுக்கப் பிரசித்தம்.

தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். கையெழுத்தும் போடவில்லை, கிழிக்கவும் இல்லை.

கேட்கிறேன், சோமோ. இங்கே தங்க வேறு ஆள் கிடைக்க இரண்டு வருஷமாவது ஆகும். இந்த ஊர்ப் பெண் ஒருத்திக்கு ஊசி போடக் கற்றுக்கொடுக்கிறேன். கை நடுங்குவதில்லை அவளுக்கு. அதுவரை நான் இங்கே இருக்கட்டுமா? குளிர்காலத்தில் மந்தையோடு இறங்கி வந்து, வழி திறக்கும்வரை வீட்டில் இருப்பேன். அம்மா கொடுத்தால் கலப்பையையும் பிடிப்பேன்.

வேண்டாம் என்றால் எழுது. கையெழுத்துப் போட்டு இறங்கி வருகிறேன். முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு உன் வீட்டில் உட்காரமாட்டேன். இது பொய்யில்லை.

உன் பதில் வரும்வரை தாள் தராசுக்கு அடியில் இருக்கும்.

லுங்தென்

*

வோச்சே
12 ஜூன் 1997

என் லுங்தென்,

பதிலை நாளைக்கு வாயாலேயே சொல்லலாம். ஆனால் உன் முகத்தைப் பார்த்தால் நீ கேட்டதற்கெல்லாம் தலையாட்டிவிடுவேன். அதனால் பார்ப்பதற்கு முன்பே எழுதிவிடுகிறேன்.

இரண்டு வருஷம் முடியாது. ஒரு வருஷம். அடுத்த கோடையில் மறுபடி கேள், மறுபடி யோசிக்கிறேன். வருஷா வருஷம் கேட்கவேண்டும். பள்ளிக்கூட விடுமுறையில் செல்தென்னும் நானும் இங்கே வருவோம், குளிர்காலத்தில் நீ அங்கே வருவாய். கலப்பை வேண்டாம். அம்மாவே சொல்லிவிட்டாள்: "அவன் கையை உழவுல கெடுக்காதீங்க, அது ஊசி போடுற கை."

வழியெல்லாம் செல்தென்தான் முன்னால் நடக்கிறாள். "அந்த மேட்டைத் தாண்டினா அவ்வளவுதான்" என்று ஆப் ஷெரூப் சொன்னால், "பொய் சொன்னா மூலையில நிக்கணும்" என்கிறாள். அவரும் ஒவ்வொரு மேட்டிலும் ஒரு பாறைப் பக்கம் திரும்பி நின்றுவிட்டுத்தான் வருகிறார். யேஷி பேமின் மகள் அம்மா முதுகில் தூங்குகிறாள். இப்போது இரண்டு முழங்கை நீளம்.

தோப்கே வீட்டைப் பார்க்கும் அவசரத்தில் இப்போதே கிளம்புகிறான். இது அவனோடு வருகிறது. நாங்கள் விடிந்ததும் ஏறுகிறோம். வானம் சுத்தமாக இருக்கிறது.

நாளைக்குக் கொட்டகையில் நோயாளி யாராவது இருந்தால் அவர்களைப் பார். நாங்களே வந்து சேருகிறோம், வழி தெரியும்.

யாரும் இல்லையென்றால் ஓடி வா.

சோமோ